முதலில் எங்கள் ஜில்லாவில்

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. அன்றைய சேலம் ஜில்லா பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். ஓசூர் தாலுகா அதன் வடமேற்கு ஓரம். அதைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். மாகாணத்தில் அத்தனை ஜில்லாக்கள் இருக்க, மதுவிலக்கை முதலில் எங்கள் மண்ணில் நட்டவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி. அந்த வருடம் ஜூலையில்தான் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றிருந்தார்.

அப்போது வந்த மதுவிலக்குச் சட்டத்தின் பெயரில் இருந்த மதராஸ் போய்த் தமிழ்நாடு வந்துவிட்டது. சட்டம் அப்படியே உயிரோடு இருக்கிறது. இத்தனை டாஸ்மாக் கடைகளும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட விதிவிலக்குகளாகத்தான் நடக்கின்றன. என் வீட்டுக்காரர் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்கப் பணம் கேட்டபோது நான் எடுத்துப் படித்ததும் அதே சட்டத்தைத்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் என் அவ்வா காலத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். அப்பாவைப் பெற்றவளை அவ்வா என்போம். கேழ்வரகு வயலில் கூலி வேலை. அவள் சொன்ன கள், ஈச்சங்கள். பனைக்குப் பாளையைச் சீவுவார்கள், ஈச்சமரத்துக்கு அப்படியில்லை. கொண்டைக்குக் கீழே மட்டைகளைக் கழித்து, தண்டின் மேல்பகுதியையே சீவி, வடியும் சாறு பானைக்குள் இறங்கும்படி ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். குளிர்காலத்தில் நன்றாக ஊறும். விடியற்காலையில் இறக்கும்போது இனிக்கும். வெயில் ஏறினால் நுரைத்துப் புளிக்கும். மாலையில் நெடி தூக்கும். மனிதக் கை எதையும் சேர்க்க வேண்டியதில்லை. காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்டே அந்த வேலையைச் செய்துவிடும்.

இவ்வளவு எளிதாகக் கிடைத்த பொருளுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கணக்கு வந்தது. 1886-இல் வந்த மதராஸ் ஆப்காரிச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் கள் இறக்கவோ விற்கவோ முடியாது. சீவுகிற மரத்துக்கு அடையாளம் போட்டு மரவரி வாங்கினார்கள். கடைகளை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அதனால் கடை சந்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சந்தை நாளில்தான் கூலி. அவ்வா இதைச் சொல்லும்போது குரல் ஏறிவிடும். கூலி வாங்கிய கை உப்புக்கும் மிளகாய்க்கும் போவதற்குள் கடையைத் தாண்டியாக வேண்டும் என்பாள். தாத்தா கெட்டவர் இல்லை, குடித்துவிட்டு அடித்தவரும் இல்லை. ஆனால் சந்தை நாள் ராத்திரியில் மடியில் என்ன மிச்சம் என்று கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கவில்லை.

ராஜாஜியின் வாதமும் இந்த மடியைப் பற்றியதுதான். 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சுற்றுவட்டார ஏழைகளோடு பழகி, கூலி எங்கே கரைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. உடனிருந்து உழைத்தவர் கல்கி. ஆட்சிக்கு வந்ததும் அவர் கைவைத்தது சின்ன வருமானத்தில் அல்ல. மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது கள்ளிலும் சாராயத்திலும் இருந்துதான் வந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் வரி அது. இன்று நாம் கடையில் கட்டுகிற ஜிஎஸ்டிக்கு மூத்தாள்.

மூடிய கடைக்கு மாற்றாகச் சாயங்கால வேளையில் பஜனை, விளையாட்டு, கூத்து என்று ஏற்பாடு செய்தார்கள். மரம் ஏறிப் பிழைத்தவர்களுக்குப் பதநீர் இறக்க உரிமம் கொடுத்து, வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருந்தது பானையின் உள்பக்கம் பூசுகிற சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது. பூச்சு மெலிந்திருந்தால் அதே மரம், அதே சாறு, அதே ஆள், ஆனால் குற்றம். சோதனைக்கு வருகிறவர் பானைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாராம். பரம்பரைத் தொழில் ஒரே நாளில் விரல்நுனிச் சுண்ணாம்பை நம்பி நின்ற அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. மதுவிலக்கின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அவ்வா வீட்டில் பலன் தெரிந்தது. அந்த வருடம் இரண்டு சேலை வந்ததாகவும் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியதாகவும் சொல்வாள். பிறகு தாத்தா எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் நடக்கக் கற்றுக்கொண்டார். சமஸ்தானத்தில் கடை உண்டு. எல்லைக்கோட்டில் வாழ்கிறவனுக்குச் சட்டம் என்பது நடக்கிற தூரம். அதோடு இன்னொன்றையும் அவள் சொல்வாள்: “கடையத் திறக்கும்போதும் எங்களக் கேக்கல, மூடும்போதும் கேக்கல.” 1937 தேர்தலில் ஓட்டு, சொத்தும் படிப்பும் போன்ற தகுதி பார்த்துக் கொடுக்கப்பட்டது, அவளுக்கு ஓட்டு இல்லை. அவள் பெயரைச் சொல்லித்தான் எல்லாம் நடந்தது. நல்லதாகவே நடந்தது. ஆனால் பணம் என்ன ஆக வேண்டும் என்ற பேச்சில் அவள் இல்லை.

அதன் பிறகு நடந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க வந்தது, 1971-இல் விலக்கப்பட்டது. வேண்டாம் என்று கேட்க, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கலைஞர் வீட்டுக்குப் போனார். 1974-இல் மறுபடி மூடி, 1981-இல் மறுபடி திறந்து, 1983-இல் டாஸ்மாக் பிறந்து, 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. எங்கள் எல்லைக்கு மட்டும் உரிய துயரம் 2008 மே மாதம். முந்தின வருடம் கர்நாடகத்தில் சாராயத்துக்குத் தடை வந்திருந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் ஆனேக்கல், கோலார் பக்கமும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 150 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள்.

எங்கள் மண் இன்னொரு விஷயத்திலும் முதல். அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரிக்குள்தான் அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் குழு இருக்கிறது. அதன் முதல் ஏடு எங்கள் பக்கத்தில் எழுதப்பட்டது.

கல்யாணமான புதிதில் நான் கெலமங்கலம் பக்கத்து ஊரில் ஒரு குழுவில் சேர்ந்தேன். மாதம் 20 ரூபாய் சேமிப்பு. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதி இருவர். கொஞ்சம் படித்திருந்ததால் கணக்கு என் தலையில் விழுந்தது. வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. கடன் கேட்கிறவள் எழுந்து எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணை என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. கந்துவட்டிக்காரனிடம் வாங்கியதைவிடப் பல மடங்கு குறைவு, அதுவும் எங்களுக்கே திரும்பி வரும்.

பணத்தைவிடப் பெரிது, கேள்வி கேட்கிற பழக்கம். மாடு வாங்கக் கடன் கேட்டவளிடம், தீவனத்துக்கு எங்கே போவாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அவமானப்படுத்துவதற்காக இல்லை. மாடு செத்தால் குழுவுக்கும் நட்டம். அங்கே கேட்கக் கற்றவள் வீட்டிலும் கேட்டாள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் கட்டம் எழுபதுகளில் வந்து, லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று கம்பெனிகள் வரிசைகட்டிய பிறகு எங்கள் வீடுகளுக்குள் மாதச் சம்பளம் வந்தது. சந்தை நாள் கூலி போய் முதல் தேதிச் சம்பளம் வந்த காலமும், மனைவி கையில் நோட்டு வந்த காலமும் ஒன்றாக அமைந்தது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்காது. பெங்களூரில் 2010-க்குப் பிறகு அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற மதுக்கூடங்கள் வந்தன. கூட வேலை பார்த்தவர்களோடு ஒரு தடவை போய்வந்தவருக்கு, குடித்ததைவிடக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த எவர்சில்வர் தொட்டிகள்தான் மனசில் நின்றன. ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார். முப்பது லிட்டர் பாத்திரம், வெப்பமானி, அடர்த்திமானி, காற்றை வெளியே மட்டும் விடுகிற அடைப்பான், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். கூட்டிப் பார்த்தால் பதினெட்டாயிரம்.

“ஒரு தடவ வாங்கினாப் போதும்மா, வருஷக்கணக்கா உழைக்கும்.”

“நோக்கம் என்னன்னு எழுதணுங்க. குழுவுல அப்படித்தான்.”

அவர் எழுதினார். கற்றுக்கொள்ள ஆசை, வெப்பநிலையை ஒரு டிகிரிக்குள் பிடிக்க ஆசை, மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை. ஒளிவுமறைவில்லாத மனு. கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஆசைப்பட உரிமை உண்டு. நான் இரண்டு கேள்வி கேட்டேன். வேறு எந்தச் செலவு தள்ளிப்போகும்? சட்டம் என்ன சொல்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. ஸ்கூட்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம். இரண்டாவதை இருவரும் உட்கார்ந்து படித்தோம். 1937-ஆம் வருடச் சட்டத்தின் நான்காவது பிரிவு மது தயாரிப்பதை மட்டும் தடுக்கவில்லை. தயாரிப்பதற்காகப் பாத்திரமோ கருவியோ மூலப்பொருளோ வைத்திருப்பதும் குற்றம். அதாவது பட்டியலில் இருந்த பொருள்களை அந்த நோக்கத்துக்காக வீட்டில் வைத்தாலே போதும். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வீடு எடுத்தாலும் அங்கேயும் உரிமம் இல்லாமல் முடியாது.

வேறு நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பல நூறு வருடம் வீட்டுப் பீர் பெண்களின் வேலையாக இருந்தது. ரொட்டி சுடுவது மாதிரி காய்ச்சி, மிஞ்சினால் விற்பார்கள். ஹாப்ஸும் பெரிய முதலீடும் வந்த பிறகு தொழில் ஆண்கள் கைக்குப் போனது. 1963-இல் அங்கே வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றாக்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தில் அளவே எழுதியிருக்கிறது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் 100 காலன், இருவர் இருந்தால் 200 காலன், விற்கக்கூடாது. நேபாளத்தில் தோங்பா, உகாண்டாவில் அஜோன் இரண்டும் நம் கேழ்வரகில்தான் செய்கிறார்கள்.

கேழ்வரகு என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பார்லியில் செய்கிற முதல் பாதி வேலையை எங்கள் வீடுகளில் எப்போதும் செய்துவருகிறோம். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளை முளை நூல் போல வந்ததும் நிழலில் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால் மால்ட் மாவு. முளைவிடும்போது உள்ளே உண்டாகிற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதனால்தான் அந்தக் கஞ்சி வெல்லம் போடாமலே இனிக்கிறது. இதுவரை உணவு. ஈஸ்டைப் போட்டு மூடிவைத்தால் மது.

வெப்பமானிக்கும், தட்டுகளை அடுக்கிக் காயவைக்கிற ஒரு பெட்டிக்கும் பணம் கொடுத்தேன். மொத்தம் ஆறாயிரத்துக்குள். பெட்டியை அவரே செய்தார், உள்ளே சின்ன விசிறி வைத்து. முளைக்கட்டு எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் வறுத்தால் எவ்வளவு இனிப்பு என்று நோட்டுப் போட்டு எழுதுகிறார். குழுப் பெண்கள் சிலர் அந்த மாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பீர் ஆசை அவருக்குப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். போகவில்லை.

அரசு என்றைக்காவது வீட்டில் காய்ச்ச அனுமதிப்பது பற்றி யோசித்தால், எங்கள் குழுக்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். 2008-இல் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். பார்லியும் ஈஸ்டும் போட்டுப் புளிக்கவைத்த பீரில் அந்த அபாயம் இல்லை என்பது எங்களுக்கும் புரியும். ஆனால் மனுவில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், வருடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வேண்டும், ஒரு சொட்டும் விற்கக்கூடாது. மரம் ஏறினவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே அனுமதி கிடைக்க வேண்டும். இந்த நான்கையும் எங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க நான் தயார்.