சிவகுமார்

சிவகுமார் (பிறப்பு: அக்டோபர் 27, 1941) தமிழ்த் திரைப்பட நடிகர், ஓவியர், இலக்கியச் சொற்பொழிவாளர். இயற்பெயர் பழனிசாமி. கோவை மாவட்டம் சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூரில் பிறந்தவர். 1965 முதல் 2001 வரை 190-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். புராணப் படங்களில் தெய்வ வேடம், குடும்பப் படங்களில் நல்ல பிள்ளை என்று தொடங்கி, எழுபதுகளின் பிற்பகுதியில் கிராமத்துப் படங்களின் வழியாகத் தன் அடையாளத்தையே மாற்றிக்கொண்டவர். நடிகர்கள் சூர்யா, கார்த்தி ஆகியோரின் தந்தை.

தந்தை ராக்கியா கவுண்டர், தாய் பழனியம்மாள். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட்டார். மழை பெய்தால்தான் வெள்ளாமை என்ற மானாவாரிச் சீமையில், கணவனை இழந்த ஒரு பெண் காட்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது கொங்கு நாட்டுக் கிராமங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். சிவகுமார் தன் எழுத்திலும் மேடைப் பேச்சிலும் திரும்பத் திரும்ப நினைவுகூர்வது அந்தத் தாயின் உழைப்பைத்தான். பள்ளிப் படிப்பு சூலூரில். அவருக்கு இளையவரான இயக்குநர் மணிவண்ணனும் சூலூர்க்காரரே.

அவர் பிறந்த காலத்துக் கோவை, சினிமா இல்லாத ஊர் அல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். சூலூரிலிருந்து திருச்சி சாலையில் மேற்கே வந்தால் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ. எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம் ‘ராஜகுமாரி’ (1947) உருவானது அங்கேதான். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுத்த ‘மலைக்கள்ளன்’ (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆனால் ஐம்பதுகள் முடிவதற்குள் தொழில் பெரும்பாலும் சென்னைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு அருகிலேயே ஸ்டுடியோ இருந்தும், சூலூர்ப் பள்ளியில் படித்த பையன் 1958-இல் சென்னைக்கு ரயில் ஏறினார். போனதும் நடிப்பதற்காக அல்ல, ஓவியம் கற்பதற்காக.

சினிமா பேனர்களுக்குப் பேர்போன மோகன் ஆர்ட்ஸில் தொழில் பழகிவிட்டு, 1959-இல் எழும்பூர் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்து, தென்னிந்திய நவீன ஓவியத்துக்கு வழி திறந்துகொண்டிருந்த காலம் அது. ஓவியர் கே.எம். ஆதிமூலமும் அந்த ஆண்டுகளில்தான் அங்கே படித்தார். உடன் படித்தவர்கள் பலர் அரூபத்தை நோக்கிப் போனபோது, சிவகுமார் கண்ணால் கண்டதை அப்படியே பிடிக்கும் வழியில் நின்றார். தஞ்சைப் பெரிய கோயில், திருவண்ணாமலை, மதுரை, ராமேசுவரம் என்று ஊர் ஊராகப் போய், நின்ற இடத்திலேயே வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் அந்த ஆண்டுகளின் அறுவடை.

நீர்வண்ணம் ஈவு இரக்கம் இல்லாத ஊடகம். எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். கோபுரத்தின் மேல் வெயில் விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த வெயில் போயிற்று. நிழலும் நிற்காது. காலையில் இடப்பக்கம் விழுந்தது உச்சி தாண்டினால் வலப்பக்கம் வந்துவிடும். கோபுரத்தின் அடுக்குகளையும் சுதைச் சிற்பங்களையும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண் அது. பின்னாளில் காமிரா முன் அவர் காட்டிய அடக்கத்துக்கும், எங்கே ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்ற தெளிவுக்கும் வேர் இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஸ்காட்லாந்து நடிகர் ஷான் கானரியும் ஓவியக் கல்லூரி வழியாக வந்தவர்தான். எடின்பரோ ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக மாடலாக நின்றவர் அவர். எழும்பூரில் சிவகுமார் தாளும் தூரிகையுமாக அதன் மறுபக்கத்தில் இருந்தார்.

1965-இல் ஏவி.எம். தயாரித்து ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘காக்கும் கரங்கள்’ படத்தில் சிவகுமார் என்ற பெயரில் அறிமுகமானார். அடுத்த பத்தாண்டுகள் பெரிய நடிகர்களின் நிழலில் கழிந்தன. ‘காவல்காரன்’ (1967) படத்தில் எம்.ஜி.ஆரின் தம்பி, ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்தில் சிவாஜியின் மகன். ஏ.பி. நாகராஜனின் புராணப் படங்கள் அவருக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தன. ‘சரஸ்வதி சபதம்’, ‘திருமால் பெருமை’ இரண்டிலும் திருமால். ‘கந்தன் கருணை’யில் (1967) முருகன். ஜெயலலிதா வள்ளியாகவும் கே.ஆர். விஜயா தெய்வானையாகவும் நடித்த அந்தப் படத்துக்குப் பிறகு, முருகன் என்றதும் பல வீடுகளில் நினைவுக்கு வந்தது சிவகுமாரின் முகம். பழனியாண்டவரைக் குலசாமிக்கு அடுத்தபடியாகக் கும்பிடும் கொங்கு நாட்டில் பிறந்து, பழனிசாமி என்றே பெயர் சூட்டப்பட்டவருக்கு இது பொருந்தி வந்தது.

ஆனால் இந்தப் பொருத்தமே அவருக்குத் தளையாகவும் ஆனது. ஜேம்ஸ் பாண்ட் வேடத்திலிருந்து விடுபடக் கானரி எவ்வளவு போராடினார் என்பது உலகம் அறிந்த கதை. சிவகுமாரின் சிக்கல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அழகான, அடக்கமான, தப்புச் செய்யாத பிள்ளை என்ற அச்சு அவர்மேல் விழுந்துவிட்டது. கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’, ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ (இரண்டும் 1973) அதில் கொஞ்சம் கீறல் போட்டன. உடைத்தவை 1976 முதல் வந்த படங்கள்.

தேவராஜ்–மோகன் இயக்கிய ‘அன்னக்கிளி’ (1976) இசையமைப்பாளர் இளையராஜாவின் முதல் படமாகவே இன்று நினைக்கப்படுகிறது. அது நியாயம்தான். ஆனால் தமிழ்ப் படத்தின் காமிரா கிராமத்துக்குப் போன வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. படப்பிடிப்பு நடந்தது தெங்குமரஹடாவில். பவானிசாகரிலிருந்து காட்டு வழியே போய், மோயாற்றைக் கடந்து சேர வேண்டிய ஊர். ‘16 வயதினிலே’ வருவதற்கு ஓராண்டு முன்பே, செட் போட்ட கிராமத்தை விட்டு நிஜக் கிராமத்துக்கு வந்த படம் இது. ஊருக்கு வரும் பள்ளி ஆசிரியராகச் சிவகுமார், அவர்மீது ஆசை வைக்கும் பெண்ணாகச் சுஜாதா. கதையின் பாரம் முழுவதும் சுஜாதாவின் தோளில் இருந்தது. சிவகுமார் அவருக்கு வழிவிட்டு நடித்தார். நடிகைக்கு முதலிடம் தரும் கதைகளில் தயங்காமல் நடித்த நாயகன் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை பொருந்தும். அவர் நடித்து அதே ஆண்டில் வந்த ‘பத்ரகாளி’யின் நாயகி ராணி சந்திரா, படம் முடியும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். எஞ்சிய காட்சிகளை வேறொருவரை வைத்து எடுத்து முடித்தார்கள்.

‘புவனா ஒரு கேள்விக்குறி’ (1977) துணிச்சலான திருப்பம். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அந்தப் படத்தில், அதுவரை வில்லனாகவே அறியப்பட்ட ரஜினிகாந்துக்கு நல்லவன் வேடம். பெண்ணை ஏமாற்றிக் கைவிடும் நாகராஜ் வேடம் சிவகுமாருக்கு. முருகனாக நடித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அயோக்கியனாக நடித்தார். அந்த முகத்தின் மேல் பார்வையாளர்கள் வைத்திருந்த நம்பிக்கையே நாகராஜின் ஆயுதம் ஆனது. ரஜினியின் வாழ்க்கையில் இந்தப் படம் திருப்புமுனை என்று எல்லாரும் எழுதுவார்கள். எதிர்ப்பக்கம் நின்று அதைச் சாத்தியமாக்கியவர் சிவகுமார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நூறாவது படம் ‘ரோசாப்பு ரவிக்கைக்காரி’ (1979). ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியின் கன்னட நாவலிலிருந்து கன்னடத்தில் படமாகி, பிறகு தமிழுக்கு வந்த கதை. நூறாவது படத்தில் தன்னை உயர்த்திக் காட்டும் வேடத்தையே நாயகர்கள் தேடுவது வழக்கம். சிவகுமார் எடுத்துக்கொண்டது செம்பட்டையன் என்ற வெள்ளந்தியை. ஊர் ஊராகச் சாமான் விற்பவன். டவுன் பழக்கம் கொண்ட மனைவியைக் கட்டிக்கொண்டு வந்து, அவளுடைய ஆசைகளுக்கும் ஊரின் கட்டுப்பாட்டுக்கும் இடையே நசுங்குபவன். மழுமழு முகமும் நறுக்கான மீசையும் கொண்டிருந்த நடிகரை இதில் அடையாளமே தெரியாது. நடை, சிரிப்பு, கூச்சம் எல்லாமே மானாவாரிக் காட்டில் வளர்ந்தவனுடையவை. பிறந்த ஊரில் பார்த்த மனிதர்களைத்தான் அவர் இங்கே திரையில் வரைந்தார் என்று நான் நம்புகிறேன். இந்தப் படத்துக்கும், அடுத்த ஆண்டில் கே. விஜயன் இயக்கிய ‘வண்டிச்சக்கர’த்துக்கும் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. வினு சக்கரவர்த்தி கதை எழுதிய ‘வண்டிச்சக்கர’த்தில் சந்தைப் பேட்டை முரடன் வேடம். சாராயக் கடைப் பெண்ணாகச் சில்க் ஸ்மிதா தமிழில் அறிமுகமானதும் இந்தப் படத்தில்தான்.

அவருடைய திரை வாழ்வின் சிகரம் பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985). ஜே.கே.பி. என்று அழைக்கப்படும் கர்நாடக இசைப் பாடகர் வேடம். குரல் கே.ஜே. யேசுதாஸ். படத்தின் தொடக்கத்தில், மிருதங்க வித்வான் குடித்துவிட்டு மேடைக்கு வருகிறார். ஜே.கே.பி. அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியைத் தொடர்கிறார். சிவகுமார் இதில் குரலை உயர்த்துவதே இல்லை. தன் ஒழுக்கத்தின் மேல் உள்ள கர்வம் முகத்தில் லேசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பிற்பாதியில் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகி, சாராயத்துக்காகக் குத்துப் பாட்டுப் பாடி ஆடும் நிலைக்கு இறங்குகிறார். அங்கே அந்த உடம்பு குலைவதைப் பாருங்கள். தோள் இறங்கி, கால் பின்ன, மேடையில் தாளம் போட்ட கை காற்றில் அலைகிறது. சொந்த வாழ்வில் மதுவையும் புகையையும் தொடாத ஒருவர் இதைச் செய்தார்.

அந்தப் படத்துக்காக நடிகை சுஹாசினி, இளையராஜா, பாடகி சித்ரா மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஜே.கே.பி.க்குக் கிடைக்கவில்லை. யேசுதாஸின் குரலுக்கு உதடசைத்த நடிப்பு என்று அதைக் கடந்துபோவோர் இன்றும் உண்டு. கமகத்துக்குத் தொண்டை அசையும் விதத்தையும், சுருதியைத் தேடிக் கண் மூடும் விதத்தையும் கவனித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

இதற்குப் பிறகு குறிப்பிட வேண்டியவை இரண்டு. மணிவண்ணன் இயக்கிய ‘இனி ஒரு சுதந்திரம்’ (1987) படத்தில் முதிய விடுதலைப் போராட்ட வீரர் வேடம். சூலூர் மண் தந்த இருவரும் சேர்ந்த படம். மற்றொன்று, இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையைத் தழுவிக் கே.எஸ். சேதுமாதவன் எடுத்த ‘மறுபக்கம்’. 1990-ஆம் ஆண்டின் சிறந்த இந்தியத் திரைப்படமாகத் தேர்வாகி, தங்கத் தாமரை பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. மகன் அம்பி பார்க்க வரும் நோயுற்ற தந்தை வேம்பு ஐயராகச் சிவகுமார் நடித்தார்.

தொண்ணூறுகளில் ‘காதலுக்கு மரியாதை’ போன்ற படங்களில் அப்பா வேடங்களுக்கு மாறினார். சன் டி.வி.யில் 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான ‘சித்தி’ தொடர், திரையரங்கில் அவரைப் பார்த்திராத தலைமுறைக்கும் அவரைக் கொண்டுசேர்த்தது. 2001-இல் வெளிவந்த ‘பூவெல்லாம் உன் வாசம்’ படத்தோடு திரை நடிப்பிலிருந்து விலகினார். யாரும் விலக்கி விலகவில்லை. தானாகவே எடுத்த முடிவு.

அதன்பின் தொடங்கியது மேடை. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களிலிருந்து நூறைத் தேர்ந்தெடுத்து, கதையோடு கோத்து, கையில் தாள் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். ‘கம்பன் என் காதலன்’ என்ற அந்தப் பேச்சு கல்லூரி மாணவர்களையும் கட்டிப்போட்டது. அடுத்து மகாபாரதத்தையும் அவ்வாறே சொன்னார். தமிழாசிரியர்களின் உரைநயம் இதில் இல்லை என்பது உண்மை. வசனத்தை மனப்பாடம் செய்து பழகிய நடிகரின் நினைவாற்றலும், ஏற்ற இறக்கம் தெரிந்த குரலும் அதை ஈடுகட்டின.

‘இது ராஜபாட்டை அல்ல’ என்ற நூல் அவருடைய திரையுலக அனுபவங்களின் தொகுப்பு. நாள்தோறும் எழுதிய நாட்குறிப்புகளும் நூலாக வந்துள்ளன. நூறாவது படத்தையொட்டித் தொடங்கிய சிவகுமார் கல்வி அறக்கட்டளை, பள்ளி இறுதித் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெறும் ஏழை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்குகிறது. சூர்யா 2006-இல் நிறுவிய அகரம் அறக்கட்டளைக்கு முன்னோடி இதுதான். அகரத்தின் உதவியால் முதல் தலைமுறைப் பட்டதாரிகளானவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அவரைப் பற்றிய பதிவில் ஒரு குறையையும் விடக் கூடாது. 2018-இல் மதுரையில் ஒரு திறப்பு விழாவில், செல்ஃபி எடுக்க முயன்ற இளைஞரின் கைப்பேசியை அவர் தட்டிவிட்ட காட்சி பரவிக் கடுமையான கண்டனம் எழுந்தது. வருத்தம் தெரிவித்து, புதிய கைப்பேசி வாங்கிக் கொடுத்தார். தன்மேல் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பிறரிடமும் எதிர்பார்க்கும் குணம் சில இடங்களில் கடுமையாக வெளிப்பட்டிருக்கிறது.

சூர்யா, கார்த்தி இருவரின் அப்பா என்ற அளவில் மட்டும் இவரை அறிந்த இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘புவனா ஒரு கேள்விக்குறி’, ‘ரோசாப்பு ரவிக்கைக்காரி’, ‘சிந்து பைரவி’ மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் வந்த மூன்று படங்கள் இவை. மூன்றிலும் நடித்தவர் ஒருவரே என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நடிப்புக்கான தேசிய விருது ஒருமுறைகூட இவருக்கு வழங்கப்படவில்லை.