திருவாசகம் (2005 இசைத்தொகுப்பு)

திருவாசகம் என்பது இசையமைப்பாளர் இளையராஜா 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். மாணிக்கவாசகர் இயற்றிய திருவாசகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுக்கு மேற்கத்திய செவ்வியல் இசைமுறையில் இசையமைக்கப்பட்ட இத்தொகுப்பு, அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினரைக் கொண்டு உருவாக்கப்பட்டது. இது 2005 சூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாதமியில் வெளியிடப்பட்டது. பொதுவழக்கில் "திருவாசகம் சிம்பொனி" என அழைக்கப்படுகிறது. வெளிவந்த நாள் முதல் இத்தொகுப்பு கேட்போரிடையே பெரும் வரவேற்பையும், அதே அளவு விவாதங்களையும் எழுப்பியது.

பின்னணி

சைவத் திருமுறைகள் பன்னிரண்டனுள் எட்டாவதாக வைக்கப்படும் திருவாசகம் 51 பகுதிகளைக் கொண்டது. மதுரையை அடுத்த திருவாதவூரில் பிறந்து, பாண்டியனின் அமைச்சராக இருந்து, பின் துறவு பூண்டவராகக் கருதப்படும் மாணிக்கவாசகர் இதன் ஆசிரியர். ஆங்கிலேயரான ஜி. யு. போப் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1976 இல் அன்னக்கிளி திரைப்படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, திரைக்கு வெளியேயும் சில தொகுப்புகளை உருவாக்கியவர். 1986 இல் வெளிவந்த "ஹவ் டு நேம் இட்" தொகுப்பு கருநாடக இசையையும் பாக்கின் இசைமுறையையும் இணைத்தது. தியாகராசருக்கும் பாக்குக்கும் அது காணிக்கையாக்கப்பட்டது. 1988 இல் வந்த "நத்திங் பட் விண்டு" தொகுப்பில் அரிபிரசாத் சௌரசியா புல்லாங்குழல் வாசித்தார். 1993 இல் இலண்டனில் ராயல் பில்ஆர்மானிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியை அவர் பதிவு செய்தார். ஆயினும் அது வெளியிடப்படவில்லை. அந்தச் சிம்பொனிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள், திருவாசகத்தை மிகுந்த எதிர்பார்ப்புடன் வரவேற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உருவாக்கம்

கத்தோலிக்கப் பாதிரியாரான செகத் கஸ்பர் ராஜ் தொடங்கிய தமிழ் மையம் என்னும் அமைப்பு இத்தொகுப்பைத் தயாரித்தது. இசைக்குழுவை லாஸ்லோ கோவாக்ஸ் நடத்தினார். ஒலிக்கலவைப் பணி அமெரிக்காவில் ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் கிங்கால் மேற்கொள்ளப்பட்டது. அமெரிக்கப் பாடலாசிரியர் இசுடீபன் சுவார்ட்சு ஆங்கில வரிகளை எழுதினார். முதன்மைக் குரலாக இளையராஜாவே பாடியுள்ளார்.

பாடல்கள்

தொகுப்பில் ஆறு பாடல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் அது எடுக்கப்பட்ட பகுதியுடன் கீழே தரப்பட்டுள்ளது.

1. பூவார் சென்னி மன்னன் - யாத்திரைப் பத்து. இறைவனிடம் செல்லும் காலம் வந்துவிட்டது என அடியார்களை அழைப்பது.
2. பொல்லா வினையேன் - சிவபுராணம். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் இப்பாடலே தொகுப்பில் மிக நீண்டது.
3. பூவேறு கோனும் - திருக்கோத்தும்பி. அரச வண்டை இறைவனிடம் தூது செல்லுமாறு வேண்டும் முறையில் அமைந்தது.
4. உம்பர்கட்கரசே - பிடித்த பத்து. இறைவனை இறுகப் பற்றிக்கொண்ட நிலையைக் கூறுவது.
5. முத்து நற்றாமம் - திருப்பொற்சுண்ணம். இறைவனின் திருமுழுக்குக்கு நறுமணப் பொடி இடிக்கும் பெண்களின் பாடல்.
6. புற்றில் வாழ் அரவும் - அச்சப் பத்து. அன்பில்லாதவரைக் காண்பதே அச்சம் தருவது எனப் பாடுவது.

மக்களிடையே பெரிதும் அறியப்பட்ட பகுதியான திருவெம்பாவை இத்தொகுப்பில் இடம்பெறவில்லை.

கேட்போர் கருத்துகள்

சிம்பொனியா, இல்லையா?

இத்தொகுப்பைப் பற்றி மிகுதியாக விவாதிக்கப்பட்டது அதன் பெயரே ஆகும். சிம்பொனி என்பது பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்டு, இசைக்கருவிகளுக்காக எழுதப்படும் நீண்ட இசைவடிவம். சமய நூற்பகுதிகளைத் தனிக்குரல், குழுக்குரல், இசைக்குழு ஆகியவற்றுக்கு அமைக்கும் வடிவம் ஒரட்டோரியோ எனப்படும். 1742 இல் டப்ளினில் அரங்கேறிய ஆண்டெலின் மெசையா இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இவ்வரையறையின்படி திருவாசகம் ஒரட்டோரியோ வகையைச் சார்ந்தது என மேற்கத்திய இசை பயின்றோர் சுட்டிக்காட்டினர். பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலும் (1824) குரலிசை உண்டு என்று மறுத்தோரும் உளர். எனினும் அதன் முதல் மூன்று பகுதிகளும் கருவியிசையே என்பதால் இவ்வொப்பீடு முழுமையாகப் பொருந்துவதில்லை. சிம்பொனி இசைக்குழுவால் இசைக்கப்பட்டது என்ற பொருளிலேயே பெயரைக் கொள்ளவேண்டும் என்பது இவற்றுக்கு இடைப்பட்ட கருத்து.

ஓதுவார் மரபு

சைவக் கோயில்களில் ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது வழக்கம். தாளக் கட்டுப்பாடின்றிச் சொல்லுக்கு முதன்மை தந்து ஓதப்படுவதால், பொருள் கேட்போரைத் தடையின்றிச் சென்றடைகிறது. இம்முறையில் பழகியவர்களில் ஒரு சாரார், பெரிய இசைக்குழுவின் ஒலியில் சொற்கள் அமிழ்ந்துவிடுகின்றன என்றும், மாணிக்கவாசகரின் உருக்கத்துக்கு இத்துணை ஆரவாரம் தேவையில்லை என்றும் கருதினர். திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெந்த வாசகத்துக்கும் உருகார் என்னும் வழக்கை இரு தரப்பினருமே எடுத்துக்காட்டினர். உருக்குவது சொல்லே என்பது ஒரு தரப்பு. அச்சொல்லை அறியாதவரையும் உருக்குவதற்கு இசை துணை செய்கிறது என்பது மறு தரப்பு.

பாடல் முறையைப் பொறுத்தும் கருத்துகள் வேறுபட்டன. இளையராஜாவின் குரலில் உள்ள நாட்டுப்புறச் சாயல் அடியாரின் எளிமைக்குப் பொருந்துகிறது எனப் பலர் பாராட்டினர். பயிற்சி மிக்க செவ்வியல் பாடகர் ஒருவரைப் பாடவைத்திருக்கலாம் என்றோரும் இருந்தனர்.

ஆங்கில வரிகள்

பொல்லா வினையேன் பாடலில் தமிழ் வரிகளுக்கு இடையே ஆங்கிலம் வருவது மற்றொரு விவாதப் பொருளாயிற்று. பக்தியின் ஓட்டத்தை இது தடுக்கிறது எனச் சிலர் குறை கூறினர். தமிழ் அறியாதவர்க்கும், தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பின்றி வெளிநாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சிவபுராணத்தின் பொருளை இது உணர்த்துகிறது எனப் பிறர் வரவேற்றனர்.

சமயம் சார்ந்த கருத்துகள்

சைவ நூல் ஒன்றின் இசைவடிவத்தைக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் முயற்சி வெளிக்கொணர்ந்ததை ஒரு சாரார் ஐயத்துடன் நோக்கினர். போப்பும் கிறித்தவ மதப்பணியாளரே என்பதையும், அவரது மொழிபெயர்ப்பு சைவர்களாலும் போற்றப்படுவதையும் ஆதரவாளர்கள் நினைவூட்டினர். திருமுறைகளை யார், எங்கே, எம்முறையில் பாடலாம் என்பது தமிழகத்தில் இசை பற்றிய கேள்வி மட்டுமன்று. சிதம்பரம் நடராசர் கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம், திருவாசகம் பாடும் உரிமைக்காகச் சிவனடியார் ஆறுமுகசாமி நீண்டகாலம் போராடினார். 2008 இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்த பின்னரே, கடும் எதிர்ப்புக்கிடையில், அவர் அங்கு பாட முடிந்தது.

தாக்கம்

திருவாசகத்தைக் கோயிலிலோ பாடநூலிலோ மட்டுமே அறிந்திருந்த இளைஞர் பலருக்கு, அதன் ஆறு பகுதிகளை வரிமாறாமல் நினைவில் நிறுத்த இத்தொகுப்பு உதவியது. மறுபுறம், 51 பகுதிகளுள் ஆறிலிருந்து மட்டுமே, அதுவும் தெரிவு செய்த வரிகளே இடம்பெற்றுள்ளதால், இது மூலநூலுக்கு வாயில் ஆகுமேயன்றி மாற்று ஆகாது.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் "வேலியண்ட்" என்னும் நான்கு பகுதிகள் கொண்ட சிம்பொனி, ராயல் பில்ஆர்மானிக் இசைக்குழுவினரால் இலண்டனில் அரங்கேற்றப்பட்டது. அதன் பின்னர், சிம்பொனி வடிவில் அமைந்த படைப்பையும் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு அமைந்த படைப்பையும் அவரது இசையிலிருந்தே ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு கேட்போர்க்குக் கிட்டியுள்ளது. திருவாசகத்தின் பெயரைப் பற்றிய பழைய விவாதத்துக்கு இவ்வொப்பீடு தெளிவு தருகிறது. சொல்லுக்கும் இசைக்கும் இடையே எதற்கு முதன்மை என்னும் கேள்வியோ ஓதுவார் மரபை விரும்புவோருக்கும் இசைக்குழுவை விரும்புவோருக்கும் இடையில் தொடர்கின்றது.