கொழுந்துக் கத்தரியும் கொய்வோர் உடலும்

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் பள்ளிவாசல் இருக்கிறது. கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் அரசின் காலத்தில், இங்குதான் இயங்கத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் குழாய்களில் இறக்கி, பெல்ட்டன் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுத்தனர். நீரின் வீழ்ச்சி, குழாயின் கனம், சக்கரத்தின் வேகம் யாவும் அளந்து அமைக்கப்பட்டவை. அதற்கும் முன்னர், 1902இல், மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று ஓடிற்று. சிறிய சக்கரம் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் சாலையில் பதிந்து வண்டியைச் சாயாமல் தாங்கும், இழுத்தவை மாடுகள். மாட்டின் வலிமை இன்னதென்று அறியாமல் அத்தகைய வண்டியை வகுத்திருக்க இயலாது. தேயிலை கொய்யும் பெண்ணின் முழங்கையும் முதுகும் பொறியியலாரின் வரைபடத்தில் ஏறுவதற்கோ மிக நீண்ட காலம் ஆயிற்று. இன்னும் முழுமையாக ஏறவில்லை என்பதே நம் கருத்து.

உழைப்பவரின் உடலுக்கேற்பக் கருவியை அமைக்கும் துறைக்கு 'எர்கானமிக்ஸ்' என்று பெயர். 'உழைப்பு', 'விதி' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1857இல் போலந்து அறிஞர் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி அச்சொல்லை ஆண்டார். 1949இல் இங்கிலாந்தில் மரெல் என்பார் அதை மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்தார். தமிழில் 'பணிச்சூழலியல்' என்கிறோம். இச்சொல் சூழலைச் சொல்கிறது. உடலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பது மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு ஒரு குறை.

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானிகள் சிலர், தரையிறங்கிய பின் இறக்கை மடல்களை மடக்குவதற்கு மாறாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். குற்றம் விமானியின் கவனக்குறைவு என்று கருதப்பட்டது. சப்பானிஸ் என்ற அமெரிக்க உளவியலார் நோக்கியபோது, இரு விசைப்பிடிகளும் ஒன்றுபோலவே அருகருகே இருக்கக் கண்டார். ஒன்றுக்குச் சக்கர வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் கொடுத்தார். கை தொட்ட மாத்திரத்தில் வேறுபாடு விளங்கிற்று. மனிதரைத் திருத்துவதினும் பிடியைத் திருத்துவது எளிதாயிருந்தது.

இனித் தேயிலைக் காட்டுக்கு வருவோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளுவது பழைய முறை. பின்னர்க் கத்தரி வந்தது. அலகின் மேல் பொருத்திய தட்டில் கொழுந்து விழும். அதை முதுகிலுள்ள சாக்கில் கொட்ட வேண்டும். விரல் நோவு குறைந்தது, உண்மையே. ஆனால் கத்தரியின் எடையும் தட்டில் சேரும் இலையின் எடையும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் மாறின. ஒரு நாளில் சேரும் கொழுந்து மிகுந்ததால், சரிவில் ஏறி இறங்கி எடை போடுமிடம்வரை சுமக்கும் பாரமும் மிகுந்தது. கருவியைத் தனியே பார்த்தால் அது முன்னேற்றம். வேலை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நோவு இடம் மாறியிருக்கிறது.

சட்டமும் இந்தச் சுமையைக் காணத் தவறியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஊறு விளைக்கத்தக்க பாரத்தை எவரும் தூக்கலாகாது என்றது. கொழுந்தைப் பக்குவம் செய்யும் ஆலை அதன் வரம்புக்குள் வந்தது. கொழுந்து விளையும் சரிவு வரவில்லை. தோட்டங்களுக்கென 1951இல் இயற்றிய சட்டம் குடிநீர், வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை வகுத்தது. முதுகின் பாரத்துக்கு அது எல்லை வகுக்கவில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரில் போனஸுக்காகச் சாலையில் அமர்ந்தனர். அதன்பின் நடந்த கூலிப் பேச்சில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாயிற்று.

பொறியியலாருக்கு இங்கே வேலை உண்டு. இந்தியரின் உடலளவுகளைத் திரட்டி, தேவ்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. எனவே முழங்கை உயரம் தெரியாதென்று சொல்லிக் கத்தரி செய்பவர் இனித் தப்ப முடியாது. எனினும் அந்த அளவு மட்டும் போதாது. கவாத்து செய்த செடி தாழ்ந்திருக்கும். கொய்பவர் குனிய வேண்டும். அடுத்த கவாத்துக்குள் அதே செடி ஆண்டுக்காண்டு உயர்ந்து, கையை மேலே தூக்கச் செய்யும். சரிவில் நின்றால் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இருக்கும். இத்தனைக்கும் ஒரே நீளக் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்பவரைச் சோம்பேறி என்று மேற்பார்வையாளர் சொன்னால், அது பி-17 விமானிகள்மேல் சுமத்தப்பட்ட அதே குற்றச்சாட்டு.