வால் சக்கரத்தின் காலம்

ஆதிகாலச் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றில், பாரத்தின் மையம் இரு பிரதான சக்கரங்களுக்குப் பின்னே நின்றமையால், தரை தொட்டபின் பக்கக் காற்றினால் திசை அற்பமாகப் பிறழினும், அப்பாரமே வாலை வெளியே தள்ளி, விமானத்தைக் குயவன் சக்கரம்போலச் சுழற்றி, இறக்கை நுனியை மண்ணில் உரசச் செய்துவிடும். வேகம் குறையக் குறையச் சுக்கானில் பாயும் காற்றும் தளர்வதால், இறங்கியாயிற்று என்று விமானி ஆசுவாசம் கொள்ளும் க்ஷணமே அபாயம் மிகுந்தது. அதனால்தான், விமானம் அசைவற்று நிற்கும்வரை மிதிகளில் ஓயாது உழைத்த அக்காலத்து விமானிகளின் பாதங்களை நான் மெய்யாகவே போற்றுகிறேன்.

இவ்வபாயத்தைத் தவிர்க்க, வாலின் கீழன்றி மூக்கின் கீழே சக்கரம் வைக்கும் பழைய யோசனைக்கு அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக் புத்துயிர் அளித்தார். 1940-இல் அங்கீகாரம் பெற்ற அவருடைய எர்கூப் விமானத்தில் ஆரம்பத்தில் சுக்கான் மிதிகளே இல்லை. 1956-இல் செஸ்னா 172 வந்தபின் பயிற்சி விமானங்களில் வால் சக்கரம் அருகிற்று. கரடுமுரடான தரையில் இறங்கும், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களில் அது இன்றும் நீடிக்கிறது.