டைகர் பே (பியூட்டவுன்)

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபின் தென்கோடியில், பழைய கப்பல்துறைகளை ஒட்டியுள்ள குடியிருப்பு பியூட்டவுன். டைகர் பே என்பது அதன் பட்டப்பெயர். மாலுமிகள் வாய்வழியே உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவிய பெயர். பிரிட்டனின் மிகப் பழைய பல்லினக் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. 1987-க்குப் பிறகு இதன் கரையில் நடந்த சீரமைப்பு, அந்நாட்டின் பெரிய நகரச் சீரமைப்புத் திட்டங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. ஆனால் சீரானது கரைதான். கரைக்குப் பின்னால் இருந்த தெருக்களுக்கு அதில் கிடைத்த பங்கு சொற்பம்.

ஊரை உண்டாக்கியது நிலக்கரி. தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய கரியைக் கடலுக்குக் கொண்டுசேர்க்க, இரண்டாம் பியூட் பிரபு கட்டிய மேற்குத் துறை 1839-இல் திறந்தது. 1841-இல் டாஃப் வேல் ரயில்பாதையும் முழுமையாகத் திறந்தது. ஏற்றுமதி உச்சத்தைத் தொட்ட 1913-இல் கார்டிஃப் துறைகளிலிருந்து வெளியேறிய கரி 1 கோடி டன்னுக்கும் மேல். மவுன்ட் ஸ்டூவர்ட் சதுக்கத்தில் 1880-களில் எழுந்த நிலக்கரிச் சந்தைக் கட்டடத்தில் பேசி முடித்த விலைக்கு உலகம் முழுவதும் மதிப்பு இருந்தது.

நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் உலைக்குக் கரி அள்ளிப்போட ஆள் வேண்டும். வெக்கை தாங்குவார்கள் என்று காரணம் சொல்லி ஏடன், சோமாலிலாந்து, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து கப்பல் நிறுவனங்கள் ஆள் எடுத்தன; குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள் என்பதுதான் உள்விஷயம். மேற்கிந்தியத் தீவினர், கேப் வெர்டியர், மால்டாக்காரர், கிரேக்கர், நார்வேஜியர் என்று பலரும் வந்து தங்கினர். உள்ளூர் வெல்ஷ் பெண்களை மணந்து குடும்பமானவர்கள் ஏராளம். யேமனியரும் சோமாலியரும் நடத்திய தங்கும் விடுதிகள்தான் இந்த வாழ்க்கையின் அச்சு. கரையிறங்கியவருக்கு அடுத்த கப்பல் அமையும்வரை படுக்க இடமும் ஹலால் சாப்பாடும் கடனுக்கே கிடைக்கும். வேலை கிடைத்ததும் கணக்கைத் தீர்க்க வேண்டும். வேலைத் தரகர், வட்டிக்கடை, கடிதம் எழுதித் தருபவர் எல்லாம் அந்த விடுதிக்காரர் ஒருவரே.

இந்தக் கலப்பை வெளியார் சுலபமாக ஏற்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து வேலை அருகிய 1919 ஜூனில் வெள்ளையர் கும்பல்கள் இங்குள்ள வீடுகளைத் தாக்கின. மூன்று பேர் இறந்தனர். 1925-இல் வந்த அரசு ஆணையால், பிரிட்டிஷ் குடிமகன் என்பதற்குத் தாள் காட்ட முடியாத கறுப்பின, அரபு மாலுமிகள் அயல்நாட்டார் எனப் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் பலர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலேயே பிறந்தவர்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. 1952-இல் பியூட் தெருக் கடைக்காரப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் சோமாலிய மாலுமி மஹ்மூத் மத்தான் தூக்கிலிடப்பட்டார். அத்தீர்ப்பு தவறு என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது; காவல்துறை மன்னிப்புக் கேட்க 2022 ஆயிற்று.

பெரிய இடிப்பு நடந்தது 1960-களில். கப்பல் தலைவர்களுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மாலுமிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லவுடன் சதுக்கத்து வீடுகளும் சுற்றுத் தெருக்களும் குடிசைமாற்று என்ற பெயரில் தரைமட்டமாயின. அவ்விடத்தில் இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. 1964-இல் கரி ஏற்றுமதியும் நின்றது. வீட்டோடு வேலையும் போனதால், சிதறிய குடும்பங்கள் திரும்பிவரக் காரணம் இருக்கவில்லை.

1987-இல் அரசு அமைத்த கார்டிஃப் வளைகுடா மேம்பாட்டுக் கழகம் 2000 வரை இயங்கியது. டாஃப், எலை ஆறுகளின் முகத்தில் சுமார் 1.1 கிலோமீட்டர் நீளத் தடுப்பணை 1999-இல் முடிந்தது. அலை இறங்கினால் சேறு தெரிந்த கழிமுகம், சுமார் 200 ஹெக்டேர் நன்னீர் ஏரியானது. சேற்றில் இரைதேடிய பறவைகளுக்கு ஈடாக நியூபோர்ட் அருகே சதுப்புநிலம் ஒதுக்கினார்கள். வேல்ஸ் மில்லேனியம் மையம் 2004-இலும், வெல்ஷ் நாடாளுமன்றமான செனத் 2006-இலும் கரையில் திறந்தன. நகர மையத்திலிருந்து இவற்றுக்கு வர லாயிட் ஜார்ஜ் அவென்யூ என்ற அகன்ற சாலை போட்டார்கள். அது பியூட் தெருவுக்கு இணையாக ஓடுகிறது. நடுவில் ரயில் மேடு. புதிய சாலையில் வருபவர் பழைய குடியிருப்பைக் கண்ணால் பார்க்காமலே கரைக்குப் போய்விடலாம். இந்தத் திட்டத்தின் குணத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை.

மரபுப் பாதுகாப்பிலும் இதே பாகுபாடு. நிலக்கரிச் சந்தைக் கட்டடம் 2017-இல் ஓட்டலாகப் பிழைத்தது. 1868-இல் கட்டிய நார்வேஜிய மாலுமிகள் தேவாலயத்தைப் பிரித்தெடுத்து, இடம் மாற்றி, 1992-இல் மறுபடி திறந்தார்கள். எழுத்தாளர் ரோல்ட் டால் ஞானஸ்நானம் பெற்ற கோயில் என்பதால் ஆதரவு எளிதில் திரண்டது. அதே காலத்தில் இருந்த தொழில், கடல்சார் அருங்காட்சியகம் 1998-இல் மூடப்பட்டு, அதன் இடம் மெர்மெய்டு கீ என்னும் கடை, உணவக வளாகத்துக்குப் போனது.

வீடுகளின் நினைவைக் குடியிருப்பினரே திரட்ட வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில் தோன்றிய பியூட்டவுன் வரலாறு, கலை மையம் முதியவர்களின் வாய்மொழிகளை ஒலிநாடாவில் பதிந்தது. குடும்பப் புகைப்படங்களைச் சேகரித்தது. இங்கேயே வளர்ந்த நீல் சின்க்ளேரின் டைகர் பே வரலாற்று நூலை 1993-இல் வெளியிட்டது. ஆய்வாளர் வந்து எழுதிப்போகும் ஊராக இருந்த இடம் தன்னைத் தானே எழுதத் தொடங்கியது அப்போதுதான். பணமின்றி மையம் 2016-இல் மூடியது. தொகுப்பைக் காக்கும் பணி வேறொரு உள்ளூர் அமைப்பிடம் சென்றது.

பொது இடத்தில் அங்கீகாரம் மிக அண்மையில்தான் வந்தது. வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியரும் இவ்வூர்ப் பள்ளியில் கறுப்பின வரலாற்றைப் பாடமாக்கியவருமான பெட்டி கேம்பெல்லின் சிலை 2021-இல் நகர மையத்தில் திறக்கப்பட்டது. உள்ளூரில் வாய்ப்பின்றி வட இங்கிலாந்துக்குப் போய் ரக்பி லீக்கில் புகழ்பெற்ற பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன், கிளைவ் சலிவன் மூவரின் சிலை 2023-இல் வளைகுடாக் கரையில் நிறுவப்பட்டது. பாஸ்டன் பிறந்து வளர்ந்தது பியூட்டவுனில். விகன் அணிக்காக அவர் ஊரைவிட்டுப் போனது 1953-இல்.