சூரி போட்ட கியர்

ரொம்ப நாளாக எழுத நினைத்தது மக்களே. ஆபீசில் ஆணி அதிகம், தள்ளிப் போய்விட்டது.

அல்வாலில் எங்கள் வீட்டுக்கு ரயில் பாதை நடக்கிற தூரம்தான். போன ஞாயிறு அங்கே நின்றபோது பையன் கேட்டான்: "அப்பா, நம்ம கார் மாதிரி ரயிலுக்கும் ஆட்டோமேட்டிக் கியர் உண்டா?"

உண்டு. அதில் நம் நாட்டுக்காரர் ஒருவரின் பெயரும் உண்டு.

நின்ற மாட்டுவண்டியைக் கிளப்பத்தான் மாடு முக்கும், உருண்டுவிட்டால் சுலபம். டீசல் எஞ்சினோ மெதுவாகச் சுற்றும்போது பலமில்லாமல் நின்றுவிடும். அதற்குத்தான் டார்க் கன்வர்ட்டர். எஞ்சின் சுற்றும் விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிர் விசிறியைச் சுற்றும். நடுவில் உள்ள சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிடுவதால் இழுவிசை பெருகும். கிளம்ப அருமை. வேகம் பிடித்தபின்தான் வம்பு: எண்ணெய் வழுக்கும், கொதிக்கும், டீசல் வீணாகும்.

எம்.எம்.சூரி என்ற பொறியாளர் இரண்டையும் சேர்த்தார். கிளம்பும்போது எண்ணெய் வழி; வேகம் வந்ததும் எண்ணெயை விட்டுவிட்டு நேரடியாக கியர் வழி. யோசனை புத்தம் புதிதல்ல. அமெரிக்காவில் பேக்கார்ட் கார்களில் 1949-லேயே இப்படி ஒரு கிளட்ச் இருந்தது. ஆனால் பல நூறு டன் பின்னால் தொங்கும்போது குலுக்காமல் மாறுவது வேறு கதை! 1961-ல் பத்மஸ்ரீ, 1962-ல் பட்நாகர் பரிசு. பின்பு துர்காபூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். ஸ்வராஜ் டிராக்டர் அங்கே பிறந்ததுதான்.

சித்தரஞ்சனில் செய்த டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டிங் எஞ்சின்களில் சூரி டிரான்ஸ்மிஷன் ஏறியது. 1964 முதல் வாரணாசியில் டீசல்-எலெக்ட்ரிக் எஞ்சின்கள் வர, நெடுந்தூர ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அமெரிக்காவில் ட்ரெய்லர் இழுக்கும் நண்பர்களே, எஞ்சின் பலத்தைக் கூட்டுமுன் கியர் எண்ணெய்க்குத் தனி கூலர் போடுங்கள், லாக்-அப் கிளட்ச்சைப் பாருங்கள். பிரச்சினை அதேதான்: வழுக்கல், சூடு.

ஊரில் என் சித்தப்பா யார்டில் ஷண்டிங் வண்டி ஓட்டியவர். போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சூரின்னா ஏதோ ஜப்பான் கம்பெனின்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.