பிறந்த குழந்தைகளின் மூளையைச் செனான் வாயு காக்குமா? ஒரு விளக்கம்

மும்பை: பிறப்பின்போது போதிய ஆக்சிஜன் கிடைக்காத குழந்தைகளின் மூளையைக் காக்க, உடல் குளிர்விப்புச் சிகிச்சையுடன் செனான் வாயுவைச் சேர்த்து அளிக்கும் முறை ஆராயப்பட்டுள்ளது. ஆனால், தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையும் பங்கேற்ற ஓர் ஆய்வு, அந்தக் குளிர்விப்பு முறை குறித்தே கேள்வி எழுப்பியுள்ளது.

செனான் என்பது என்ன?

நிறமும் மணமும் அற்ற மந்த வாயு. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். காற்றில் இதன் அளவு ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே விலை மிக அதிகம்.

மயக்க மருந்தாக எப்போது பயன்பட்டது?

1951-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அறுவை சிகிச்சைக்கு முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைவதால் நோயாளி விரைவில் கண்விழிப்பார். இரத்த அழுத்தமும் பெரிதாகக் குறைவதில்லை.

மூளையை எவ்வாறு காக்கிறது?

ஆக்சிஜன் குறையும்போது மூளையில் குளூட்டமேட் அளவுக்கு மீறிச் சுரந்து நரம்பு அணுக்களை அழிக்கிறது. அது செயல்படும் 'என்எம்டிஏ' ஏற்பிகளைச் செனான் தடுக்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பின்லாந்தில் இதயம் நின்று மீட்கப்பட்ட 110 பேரிடம் நடந்த ஆய்வில், செனான் பெற்றவர்களுக்கு மூளைச் சேதம் குறைவாக இருந்தது 2016-இல் தெரியவந்தது. அதே ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வில், குளிர்விப்புடன் செனானும் பெற்ற குழந்தைகளிடம் கூடுதல் பலன் தென்படவில்லை. அதில் 92 குழந்தைகள் பங்கேற்றனர்.

இந்தியாவின் நிலை என்ன?

உடல் வெப்பத்தை 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் குளிர்விப்பு, வளர்ந்த நாடுகளில் வழக்கமான சிகிச்சை. இதனை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளிடம் சோதித்தனர். மும்பையின் சயான் மருத்துவமனையும் சென்னையும் இதில் அடங்கும். 2021-இல் வெளியான முடிவின்படி, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதத்தினர் உயிரிழந்தனர். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் இது 31 சதவீதம்.

தீவிர சிகிச்சை வசதி இருந்தாலும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இச்சிகிச்சையை அளிக்கக் கூடாது என ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். குளிர்விப்புக்குத் துணையாகவே பச்சிளம் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட செனானுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.